நாவலுக்குத் திட்டம் வேண்டும்

நாவல் எழுதுபவன் முன்கூட்டியே திட்டம் வகுத்துக்கொள்ள வேண்டுமா, அல்லது பேனா போகும் போக்கில் போகலாமா என்ற கேள்வி நம் எழுத்தாளரிடையே நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகின்றது. மட்டக்களப்பில் நடைபெறும் நூல் வெளியீட்டு விழாக்களிலும் கருத்தரங்குகளிலும் இக்கேள்வி அடிக்கடி எழுகின்றது. எழும்போதெல்லாம் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கின்றது. “திட்டம் போட்டுச் செய்வதற்கு நாவல் என்ன பாலம் கட்டும் வேலையா? முதல் வாக்கியம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். பாத்திரங்கள் தாமே நடக்கும், எழுத்தாளன் அவற்றின் பின்னால் போகவேண்டியவன்” என்று மேடையில் ஒருவர் சொல்வார். சபை கைதட்டும். முன்வரிசையில் இருக்கும் இளைஞர் சிலர் அதைக் கொப்பியில் குறித்துக்கொள்வர்.

இந்த விடை பிழையானது. அதற்கும் மேலாக, நம் பிரதேசத்து இலக்கியத்துக்குக் கேடு விளைப்பது. இதுவே இக்கட்டுரையில் நான் நிறுவ முயலும் கருத்து.

ஓர் எழுத்தாளன் விடியற்காலையில் எழுதுகிறானா, நள்ளிரவில் எழுதுகிறானா, ஒரே மூச்சில் எழுதுகிறானா, அடித்து அடித்து எழுதுகிறானா என்பது அவனுடைய சொந்த விடயம். அதில் தலையிட எவருக்கும் உரிமையில்லை. ஆனால், ஒரு பழக்கம் கொள்கையாக உயர்த்தப்பட்டு இளந்தலைமுறைக்குப் போதிக்கப்படுமாயின், அப்போதனையின் விளைவாக ஒரு மக்கட்கூட்டத்தின் வாழ்வே எழுதப்படாமல் நின்றுவிடுமாயின், அது பொதுப் பிரச்சினையாகிவிடுகின்றது.

கிழக்கிலங்கைக்கு நாவல் புதியதன்று. திருகோணமலைத் தி. த. சரவணமுத்துப்பிள்ளை ‘மோகனாங்கி’யை வெளியிட்ட ஆண்டு 1895. மூதூர் வ. அ. இராசரத்தினம் கரையோர மக்களின் வாழ்வை ‘துறைக்காரன்’ முதலிய நாவல்களில் எழுதினார். வாழைச்சேனையிலிருந்து வை. அஹ்மத் ‘புதிய தலைமுறைகள்’ தந்தார். அக்கரைப்பற்று மண்ணின் பேச்சையும் வாழ்வையும் விமல் குழந்தைவேல் ‘வெள்ளாவி’, ‘கசகறணம்’ என்ற நாவல்களில் பதித்தார். இவற்றின் பெறுமதியை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும், இப்பிரதேசம் கண்டவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது கைவிரல்களை எண்ணி முடித்த பிறகு நாம் தயங்கவேண்டியிருக்கின்றது. 1949-இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் கிழக்கின் நிலத்தையும் நீரையும் குடிசனத்தையும் மாற்றியது. 1978 நவம்பர் 23-ஆம் நாள் வீசிய சூறாவளி ஓர் இரவில் ஊர்களைத் தரைமட்டமாக்கியது. 2004 டிசம்பர் 26-இல் கடல் வந்தது. இவற்றுக்கிடையே, 2009 வரை நீண்ட யுத்தம் வீட்டுக்கு வீடு புகுந்தது. சிறுகதைகள் எழுதினோம், கவிதைகள் எழுதினோம், மலர்கள் வெளியிட்டோம். ஆனால் காரணத்தையும் காரியத்தையும் தொடுத்து, ஒரு தலைமுறையின் செயல் அடுத்த தலைமுறையின் தலையில் எப்படி விடிந்தது என்று காட்டும் பெரு நாவல்கள் எத்தனை? ‘தானாக வரும்’ என்று காத்திருந்தோம். அது தானாக வரவில்லை.

இந்தத் ‘தானாக வரும்’ என்ற கொள்கை எங்கே பிறந்தது? அதன் ஊற்றுமூலத்தைத் தேடிச் சென்றால், கலைத்தெய்வத்தின் சந்நிதியை அல்ல, வார இதழின் காரியாலயத்தையே அடைகின்றோம். தமிழ் நாவல் தொடக்கத்திலிருந்தே சஞ்சிகையோடு பிணைந்திருந்தது. ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேகசிந்தாமணி’யில் தொடராகவே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வார இதழ்கள் பெருகியபோது, தொடர்கதையே நாவலின் பொது உருவமாயிற்று. அவ்வுருவம் எழுத்தாளனிடம் கேட்பது என்ன? ஒவ்வொரு வாரமும் வாசகனை ஒரு திகிலில் நிறுத்தவேண்டும். இதழ் விற்பனை ஏறினால் கதையை இன்னும் பத்து வாரம் நீட்டவேண்டும். இறங்கினால் இரண்டு வாரத்தில் முடிக்கவேண்டும். கதாநாயகி இறக்கக் கூடாது என்று கடிதங்கள் வந்தால் அவள் பிழைத்தெழ வேண்டும். இப்படி எழுதியவர் பலர் பின்னர் மேடையேறி, “நான் திட்டம் போட்டு எழுதுவதில்லை, பாத்திரங்களே என்னை நடத்துகின்றன” என்றனர். அவரை நடத்தியவை பாத்திரங்களல்ல, விற்பனைக் கணக்கு. திட்டம் இருக்கவே செய்தது. அதை வகுத்தவன் வேறொருவன் என்பதுதான் வேறுபாடு. இன்று வார இதழின் இடத்தை முகநூல் பிடித்திருக்கின்றது. நாளுக்கொரு துண்டாக எழுதி, விருப்பக் குறிகளை எண்ணி, மறுநாள் துண்டை முடிவு செய்யும் இளைஞனும் அதே கட்டளைக்குத்தான் பணிகின்றான்.

தொடர்கதை எழுதியோர் அனைவரும் இப்படித்தான் என்று நான் கூறவில்லை. கல்கியை எடுத்துக்கொள்வோம். ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. அதன் பின்னால் சோழர் வரலாற்றைப் பற்றி நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் எழுதியவற்றின் படிப்பு இருந்தது. கல்வெட்டுச் செய்திகள் இருந்தன. ஓவியரையும் அழைத்துக்கொண்டு இடங்களை நேரிற் சென்று பார்த்த பயணங்கள் இருந்தன. அந்நாவலில் இன்றும் நிலைத்து நிற்பது அந்த உழைப்பின் பயன். எங்கே அது தொய்கின்றது? மர்மத்தை வாரம் வாரமாக அடுக்கிச் சென்று, இறுதியில் அவிழ்க்க இடம் போதாமற்போன இடங்களில் தொய்கின்றது. கதை சட்டென்று முடிந்துவிட்டதாக வாசகர்கள் முறையிட, பாத்திரங்களுக்குப் பின்னர் நேர்ந்தவற்றை ஒரு முடிவுரையில் ஆசிரியர் சுருக்கிச் சொல்ல நேர்ந்தது. தமிழின் மிகப் பெரிய தொடர்கதையே இவ்வுண்மைக்குச் சாட்சி: ஆராய்ந்து வகுத்த பகுதி நின்றது, போகிற போக்கில் சேர்த்த பகுதிக்கு விளக்கம் தேவைப்பட்டது.

ஆங்கிலத்தில் டிக்கன்ஸின் கதையும் இதையே உணர்த்தும். 1836-இல் ‘பிக்விக்’ தொடங்கியபோது அவர் ஓர் ஓவியரின் வேட்டைப் படங்களுக்குத் துணையாக எழுத அமர்த்தப்பட்ட இளைஞர். மாதந்தோறும் கையில் வந்ததை எழுதினார், அது சிரிக்க வைத்தது, புகழும் தந்தது. அத்தோடு அவர் நின்றுவிடவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1846-இல் ‘டோம்பியும் மகனும்’ தொடங்கியபோது, ஒவ்வொரு மாதப் பகுதிக்கும் ஒரு தாளை மடித்து, ஒரு பக்கத்தில் தமக்குத் தாமே எழுப்பிய கேள்விகளையும், மறுபக்கத்தில் அதிகாரங்களின் அமைப்பையும் எழுதி வைத்துக்கொண்டார். அத்தாள்கள் இன்றும் லண்டன் அரும்பொருட்சாலையில் உள்ளன. தொடராக எழுதியும் திட்டத்தோடு எழுதலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தொடர்கதைக்காரர்களின் சக்கரவர்த்தியே, வளர வளரத் திட்டத்தை நாடிச் சென்றார். நம்மவர்களோ வளர வளரத் திட்டத்தைக் கேலி செய்கின்றனர்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைப்பது நேர்மையன்று. அவர்கள் டால்ஸ்டாயைத் துணைக்கழைப்பர். புஷ்கினின் ‘எவ்கேனி ஒனேகின்’ காவியத்தில் தத்யானா ஒனேகினை மறுத்துவிட்டது புஷ்கினுக்கே வியப்பாயிருந்ததாம்; தம் பாத்திரங்களும் தாம் எதிர்பாராதவற்றைச் செய்வதுண்டென்று டால்ஸ்டாய் கூறினார் என ஓர் உரையாடல் வழங்குகின்றது. ‘போரும் வாழ்வும்’ என்று டி. எஸ். சொக்கலிங்கம் தமிழில் தந்த அம்மாபெரும் நாவல்கூட முதலில் நினைத்தபடி அமையவில்லை. 1856-இல் சைபீரியாவிலிருந்து திரும்பும் ஒரு புரட்சிக்காரரைப் பற்றி எழுத எண்ணிய டால்ஸ்டாய், அவரை விளங்கிக்கொள்ள 1825-க்கும், அங்கிருந்து 1812-க்கும், பின்னர் 1805-க்கும் பின்னோக்கிச் சென்றார். “பார்த்தீர்களா, திட்டம் உடைந்தது, காவியம் பிறந்தது” என்பர் இவர்கள்.

நன்றாகவே பார்த்தோம். பார்த்ததில் தெரிவது வேறு. டால்ஸ்டாய் ஏன் பின்னோக்கிச் சென்றார்? ஒரு மனிதனை விளக்க அவனுடைய இளமை வேண்டும். இளமையை விளக்க அவனுடைய தேசத்தின் வெற்றி வேண்டும். வெற்றியைச் சொல்ல நாணம் தடுத்தது, எனவே அதற்கு முந்திய தோல்வியையும் சொல்லவேண்டும் என்று அவர் காரணத்தைத் தேடிச் சென்றார். காரணத்தைத் தேடுதலன்றோ திட்டமிடுதல்! அதன்பின் ஏறத்தாழ ஆறாண்டுகள் ஆவணங்களைப் படித்தார். 1867-இல் பரோதினோப் போர்க்களத்தை நேரிற் சென்று நடந்து பார்த்தார். அவர் திருத்தத் திருத்த அவர் மனைவி பிரதி எடுத்தார். தத்யானா புஷ்கினை வியக்க வைத்ததும் இப்படித்தான். அவர் ருஷ்ய நிலப்பிரபுக் குடும்பத்தின் வளர்ப்பையும் மானத்தையும் திருமண விதிகளையும் முற்றாக அறிந்தவர். அந்த அறிவு ஆழமாக வேரோடியிருந்ததால், அவர் விரும்பாத முடிவுக்கு அது அவரை இட்டுச் சென்றது. அறிந்தவனுக்குத்தான் வியப்பு நேரும். அறியாதவனுக்கு நேர்வது வசதி. கதாநாயகனுக்குப் பணம் தேவைப்பட்டால் வெளிநாட்டிலிருந்து மாமா வருவார். கதாநாயகி இடைஞ்சலானால் அவளுக்குக் காய்ச்சல் வரும். இதற்குப் பெயர் பாத்திரத்தின் சுதந்திரமா?

தொலைவில் போவானேன்? நம் வாவிக்கரையே இவ்வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லும். வயலிலும் தோணியிலும் நின்ற நிலையில் கவி கட்டும் ஆற்றலுக்கு மட்டக்களப்பு பெயர் பெற்றது. எழுத்தறியாத பெண் ஒருத்தி, அந்த நேரத்து ஏக்கத்தை நான்கு அடியில் கட்டிவிடுவாள். அதற்கு எந்தத் திட்டமும் வேண்டியதில்லை. ஆனால் அதே மக்கள் வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ ஆட முற்படும்போது என்ன செய்கின்றனர்? ஊர் கூடிக் கதையைத் தெரிகின்றது. அண்ணாவியார் கொப்பியை எடுத்து, குரலையும் உடலையும் குணத்தையும் பார்த்து ஆளுக்காள் பாத்திரம் வகுக்கின்றார். ஒவ்வொருவருக்கும் உரிய பாட்டும் வசனமும் எழுதி நல்ல நாளில் ‘சட்டம்’ கொடுக்கப்படுகின்றது. மாதக்கணக்கில் பழகுகின்றனர். சதங்கை அணிவிழா நடக்கின்றது. பிறகுதான் வட்டக்களரியில் அரங்கேற்றம். பேராசிரியர் சி. மௌனகுரு ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ என்ற நூலில் இம்மரபை விரிவாக ஆராய்ந்துள்ளார். அரங்கேறும் இரவில் ஆட்டக்காரன் பொம்மையாகிவிடுகின்றானா? இல்லை. சபையின் உற்சாகம் கண்டு ஓர் ஆட்டத்தை நீட்டுவான்; மத்தளம் அவனைப் பின்தொடரும்; கட்டியகாரன் ஊர் நடப்பை வைத்து அந்தக் கணத்தில் பகிடி விடுவான். சட்டம் மனப்பாடமாயிருப்பதால்தான் அவனால் அதைவிட்டு வெளியே போய்த் திரும்பி வர முடிகின்றது. நாலடிக் கவியை நின்ற நிலையில் கட்டலாம். விடிய விடிய ஆடும் கூத்துக்குச் சட்டம் வேண்டும். சிறுகதையும் கவிதையும் எழுதிப் பழகிய நம்மவர், கவி கட்டும் முறையிலேயே கூத்தையும் ஆடிவிடலாம் என்று எண்ணுவதே இத்தனை முடியாத நாவல்களுக்கும் மூலம். முதல் நான்கு அதிகாரங்களோடு மேசை லாச்சிக்குள் உறங்கும் கையெழுத்துப் பிரதிகள் இப்பிரதேசத்தில் எத்தனை என்பதை எழுதுவோரே அறிவர்.

இவ்வளவும் மறு அணியைப் பற்றிச் சொன்னேன். இனி, சமுதாயப் பொறுப்போடு எழுதுகிறோம் என்று சொல்லும் நம் அணியினரிடமும் ஒரு கணக்குக் கேட்கவேண்டும். நம்மிடையே திட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது எத்தகைய திட்டம்? முதல் அதிகாரத்தில் வறுமை, மூன்றாவதில் போடியாரின் கொடுமை, ஐந்தாவதில் படித்த இளைஞன் ஒருவன் பேருந்திலிருந்து இறங்குவான், பத்தாவதில் கூட்டம், கடைசி அதிகாரத்தில் கிழக்கு வெளுக்கும். போடியாருக்குத் தொந்தி இருக்கும், மோதிரம் இருக்கும், மனம் மட்டும் இராது. அவருக்கு எத்தனை ஏக்கர் வயல், எந்த வட்டையில், வாய்க்காலின் தலைப்பிலா கடைக்கோடியிலா, முல்லைக்காரருக்கு அவர் என்ன பங்கு கொடுக்கின்றார், உரத்துக்கும் உழவு யந்திரத்துக்கும் அவரே யாரிடம் கடன்பட்டிருக்கின்றார் என்பதொன்றும் ஆசிரியருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்ற எண்ணமும் இல்லை. ஏனெனில் போடியார் குற்றவாளி என்ற முடிவு எழுதத் தொடங்குமுன்பே எடுக்கப்பட்டுவிட்டது. இதைத் திட்டம் என்று சொல்லாதீர்கள். விசாரணை இன்றி எழுதப்பட்ட தீர்ப்பு இது. சுரண்டலைக் கண்டிப்பவன் சுரண்டல் எப்படி நடைபெறுகின்றது என்பதைச் சுரண்டுபவனைவிட நன்றாக அறிந்திருக்கவேண்டாமா?

பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஸோலாவின் அனுபவம் நமக்கு மிகவும் பயன்படக்கூடியது. உலக நாவலாசிரியருள் அவரைப்போலத் திட்டமிட்டோர் அரியர். ஒரு குடும்பத்தின் கிளைகளைப் பின்பற்றிப் பத்து நாவல்கள் என்று முதலில் வகுத்தார். 1871-இல் முதல் நாவல் வெளிவந்தது. 1893-இல் இருபதாவதோடு முடிந்தது. அத்திட்டத்தில் இரு பகுதிகள் இருந்தன. ஒன்று முடிவு: மனிதனின் ஒழுக்கமும் குற்றமும் பரம்பரை இரத்தத்தின் விளைவு என்ற அக்காலத்துக் கோட்பாடு. மற்றொன்று தேட்டம்: ஒவ்வொரு நாவலுக்கும் அவர் சேர்த்த குறிப்புகள். ‘ஜெர்மினால்’ எழுதுவதற்காக 1884-இல் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த அன்ஸன் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சென்றார், சுரங்கத்துக்குள் இறங்கினார், தொழிலாளர் வீட்டின் அறைகளையும், சுரங்கத்தில் வேலை செய்யும் முறைகளையும் குறித்துக்கொண்டார். இன்று அந்த இரத்தக் கோட்பாட்டை எவர் நம்புகின்றார்? அது எங்கெங்கே நாவலில் தலைநீட்டுகின்றதோ அங்கங்கே நாவல் பொய்க்கின்றது. ஆனால் சுரங்கம் பொய்க்கவில்லை. அந்தப் பசி பொய்க்கவில்லை. கூலியைக் குறைக்கும் கம்பனியின் தந்திரம் பொய்க்கவில்லை. ஒரே மனிதனுடைய ஒரே திட்டத்தில், முன்முடிவு செத்தது, விசாரணை வாழ்கின்றது.

நம் மொழியிலும் இதே உண்மையைக் காணலாம். ரகுநாதன் 1953-இல் வெளியிட்ட ‘பஞ்சும் பசியும்’ நெசவாளர் வாழ்வைப் பற்றியது. நூல் கிடைக்காமல் தறி நின்றால் ஒரு வீதியே எப்படிப் பட்டினியில் விழும் என்ற பொருளாதாரத்தை அவர் அறிந்திருந்தார். அந்த அறிவு பேசும் பக்கங்களில் கோஷம் தேவைப்படவில்லை. கே. டானியல் 1972-இல் ‘பஞ்சமர்’ எழுதியபோது, யாழ்ப்பாணத்தில் கோயிலுக்கும் தேநீர்க்கடைக்கும் கிணற்றுக்குமாக நடந்த தீண்டாமை ஒழிப்புப் போராட்டத்தில் பங்கெடுத்த அனுபவம் அவர் கையில் இருந்தது. ராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளரைப் பற்றி எழுதத் தூத்துக்குடி உப்பளங்களுக்குச் சென்று அம்மக்களோடு பழகிய பின்னரே 1979-இல் ‘கரிப்பு மணிக’ளைத் தந்தார். முற்போக்கு அணியோடு மோதிப் பிரிந்த எஸ். பொன்னுத்துரையைப் பாருங்கள்; மட்டக்களப்பில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்தவர் அவர். அவருடைய ‘சடங்கு’, விடுமுறையில் ஊர் வந்து திரும்பும் ஓர் எழுதுவினைஞனின் சில நாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு நாள் தவறாமல் கணக்கிட்டு அமைக்கப்பட்டது. அவர் கருத்தோடு நாம் சண்டையிடலாம். அந்தக் கட்டுக்கோப்பை மறுக்க முடியாது. ஜெயகாந்தனோ ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற தம் சிறுகதையின் முடிவில் தாயின் செயலை மாற்றி, அப்படி மாறியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்வு என்னவாகியிருக்கும் என்று கணக்குப் போட்டு, 1970-இல் ‘சில நேரங்களில் சில மனிதர்க’ளாக விரித்தார். அதுவும் தொடர்கதையாக வந்ததுதான். மாற்றியது ஒன்று, மற்றவையெல்லாம் அதிலிருந்து தவிர்க்க முடியாமல் விளைந்தவை.

ஆகவே, திட்டம் என்றால் என்ன என்பதை நாம் தெளிவாக வரையறுத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிவை முன்னரே எழுதி வைப்பது திட்டமன்று. பாத்திரங்கள் எந்த உலகில் நடக்கப்போகின்றனவோ அந்த உலகின் விதிகளை முன்னரே அறிந்து வகுத்து வைப்பதே திட்டம். நம் வாவிக்கரையை வைத்தே காட்டுகின்றேன்.

முதலாவது, குடும்பத்தின் விதி. மட்டக்களப்பில் குடிமரபு தாய்வழி வருவது. வீடு மகளுக்குச் சீதனமாகின்றது; மணமகன் மனைவியின் வீட்டில் வந்து குடியேறுகின்றான். இது தமிழரிடையே மட்டுமன்றி இங்குள்ள முஸ்லிம்களிடையேயும் காணப்படும் வழக்கம். அப்படியிருக்க, மாமியார் வீட்டில் மருமகள் படும் கொடுமையை மையமாக்கி, தென்னிந்திய வார இதழில் படித்த கதைப்பின்னலை ஆரையம்பதியிலோ களுவாஞ்சிகுடியிலோ கொண்டுவந்து நிறுத்தினால் அது எப்படி நிற்கும்? இங்கே வீட்டுக்குப் புதியவன் மருமகன். இங்குள்ள மனத்தாங்கல்கள் வேறு: அக்காள் தங்கையரிடையே வீடு பிரிப்பது, தமக்கைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும்வரை திருமணம் செய்யாத தம்பி, மகளுக்கு எழுதிக்கொடுத்த வீட்டில் ஒதுங்கியிருக்கும் வயோதிபர். இந்த ஒரு விதியை எழுதத் தொடங்குமுன் ஒழுங்காகச் சிந்தித்திருந்தால் பத்து அதிகாரங்களுக்கு உரிய மோதல்கள் தாமே கிடைத்திருக்கும். போகிற போக்கில் எழுதியவனுக்கோ இது மூன்றாவது அதிகாரத்தில் நினைவுக்கு வருகின்றது. அதற்குள் மாமியார் மருமகளை அடித்துவிடுகின்றாள்.

இரண்டாவது, காலத்தின் விதி. மாரி வெள்ளாமை புரட்டாதி ஐப்பசியில் விதைக்கப்பட்டு மாசி பங்குனியில் அறுக்கப்படுகின்றது. கடன் ஏறும் மாதம் வேறு, அடைபடும் மாதம் வேறு, திருமணம் பேசும் மாதம் வேறு. வாடைக்காலத்தில் வாவி பெருகி வயலையும் குடியிருப்பையும் மூடும்போது முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிக் கடலுக்கு வழி விடுகின்றனர். எப்போது வெட்டுவது என்பது வயற்காரனுக்கு ஒரு கேள்வி. மீன்பிடிப்பவனுக்கு மற்றொரு கேள்வி. வெள்ளம் வடிந்தால் வெள்ளாமை தப்பும். உப்புநீர் ஏறி இறங்குவதைப் பொறுத்தே இறாலும் மீனும். தன்னாமுனையில் வாவியின் ஓரத்தில் வாழும் எனக்கு, இந்த ஒரு கேள்வியிலேயே ஒரு நாவலின் முதுகெலும்பு இருப்பதாகத் தோன்றுகின்றது. இதில் வில்லன் இல்லை. நியாயமான இரு தேவைகள் ஒரே மணல்மேட்டில் மோதுகின்றன.

மூன்றாவது, நிலத்தினதும் அதிகாரத்தினதும் விதி. கல்லோயாவைப் பற்றி நாவல் எழுத வருபவன் இங்கினியாகலை அணையையும் சேனநாயக்க சமுத்திரத்தையும் வர்ணித்துவிட்டு அழுதால் போதாது. நீர் யாருக்கு முதலில் பாய்ந்தது, பழைய வயல்களின் நீருரிமை என்னவாயிற்று, குடியேற்றக் காணி எவ்வடிப்படையில் பகிரப்பட்டது, வெளியிலிருந்து வந்து குடியேறிய சிங்கள விவசாயியும் எத்தகைய வறுமையிலிருந்து வந்தான், 1956-இன் வன்செயல் அங்கு எப்படி மூண்டது, 1961-இல் அம்பாறை தனி மாவட்டமானபோது எவரெவர் கணக்கு எப்படி மாறியது என்பனவற்றை அவன் விசாரித்தே ஆகவேண்டும். அரசாங்கம் பொறியியலாளரையும் வரைபடத்தையும் கொண்டு ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டு ஒரு நாட்டுப்புறத்தையே மாற்றியமைத்தது. அந்தத் திட்டத்தினால் நசுங்கியவனைப் பற்றி எழுத வரும் நாம், “எனக்குத் திட்டம் பிடிக்காது” என்று சொல்வது எத்தகைய விளையாட்டு!

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். “எமக்கு நேரம் எங்கே? நாம் முழுநேர எழுத்தாளரல்லர். பாடசாலையிலும் கந்தோரிலும் கடையிலும் உழைத்துவிட்டு இரவில் எழுதுகின்றோம். சொந்தப் பணத்தில் சில நூறு பிரதிகள் அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுக்கின்றோம். ஸோலாவைப்போல ஆராய எமக்கு வசதி உண்டா?” இது வெறும் சாக்கு அன்று, உண்மையான இடர். ஆனால் இந்த இடரே திட்டத்துக்குச் சார்பான வாதமாகின்றது. நேரம் உள்ளவன் முந்நூறு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். நேரமில்லாதவன் அப்படிச் செய்ய முடியுமா? இரவில் ஒரு மணி நேரம் மட்டும் கிடைப்பவன், நேற்று எங்கே விட்டோம், நாளை எங்கே போகிறோம் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாலன்றி, அந்த ஒரு மணியின் பாதி பழையதைத் தேடுவதிலேயே கழிந்துவிடும். திட்டம் ஓய்வுள்ளவனின் ஆடம்பரமன்று, ஓய்வில்லாதவனின் ஆயுதம். அதற்கு ஆகும் செலவு ஓர் அப்பியாசக் கொப்பி.

காலம் எடுக்கும் என்பதை ஒப்புக்கொள்வோம். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1959-இல் ‘சரஸ்வதி’யில் தொடராகத் தொடங்கி இடையில் நின்றது, நூலாக முழுமை பெற்றது 1966-இல். அந்த ஆண்டுகளை எவரும் வீண் என்று சொல்லவில்லை. ஒரு சந்தியில் நிற்கும் மரம், அதைச் சுற்றி வளரும் வியாபாரம், நகரசபை, தேர்தல், அதனால் மரத்துக்கு நேரும் சாவு என ஒரு சிறு நகரத்தின் மாற்றமே அங்கு ஒழுங்குபட்டு நிற்கின்றது. தொடர் நின்றதே என்று அவர் நாவலைக் கைவிட்டிருந்தாலும், கிடைத்ததை அப்படியே அச்சேற்றியிருந்தாலும் இழப்பு நம்முடையதே.

நான் ஒரு பாடசாலை ஆசிரியன். கட்டுரை எழுதச் சொன்னால் மாணவர் முதல் வாக்கியத்தை எழுதிவிட்டுக் கூரையைப் பார்ப்பதை நாள்தோறும் காண்கின்றேன். அவர்களிடம் நாம், “முதலில் உனக்குத் தெரிந்தவற்றைக் குறித்துக்கொள், தெரியாததைக் கேட்டறி, பிறகு ஒழுங்குபடுத்து” என்று சொல்கின்றோம். அதே மாணவன் பத்தாண்டுகள் கழித்து இலக்கியக் கூட்டத்துக்கு வரும்போது, “கூரையைப் பார்த்துக்கொண்டிரு, தானாக வரும்” என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

எனவே, நாவல் எழுத முற்படும் இளைஞருக்கு நான் முன்வைப்பவை இவை. யாருடைய வாழ்வை எழுதப்போகிறீர்களோ அவருடைய ஓர் ஆண்டின் வரவையும் செலவையும் முதலில் எழுதுங்கள். அவர் வாழும் வீடு யார் பெயரில் இருக்கின்றது என்பதை எழுதுங்கள். அவர் யாருக்கு அஞ்சுகின்றார், யார் அவருக்கு அஞ்சுகின்றார்கள் என்பதை எழுதுங்கள். அவர் தொழிலின் சொற்களைக் கேட்டு எழுதுங்கள்; தெரியாத சொல்லைப் புனைந்து போடாதீர்கள். சம்பவங்களை ஆண்டோடும் மாதத்தோடும் நிரைப்படுத்துங்கள். முடிவை மட்டும் எழுதாமல் விடுங்கள். நீங்கள் சேர்த்த உண்மைகள் அதைச் சொல்லட்டும். அவை உங்கள் கட்சிக்கோ நண்பருக்கோ பிடிக்காத முடிவைச் சொன்னால் உண்மைகளைத் திருத்தாதீர்கள், முடிவைத் திருத்துங்கள். எழுதிய அதிகாரத்தை விமர்சகரிடம் காட்டுமுன் தோணிக்காரரிடமோ முல்லைக்காரரிடமோ வாசித்துக் காட்டுங்கள். “இப்படி நடக்காது, தம்பி” என்று அவர் சொல்வாரானால், அதைவிடக் கடுமையான விமர்சனம் வேறில்லை; அதைவிடப் பயனுள்ளதும் இல்லை.

சஞ்சிகைகளுக்கும் இதிற் பங்குண்டு. நாவல் போட்டி வைத்து இரண்டு மாதத்தில் பிரதி கேட்பதைவிட, ஒரு பிரதேசத்தின் நிலம், தொழில், குடிமரபு, இடப்பெயர்வு பற்றிய விசாரணைக் குறிப்புகளை வெளியிடலாம். இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள் சூறாவளியையும் கல்லோயாவின் பிற்காலத்தையும் யுத்தத்தின் தொடக்கத்தையும் நேரிற் கண்டவர்கள். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கின்றார்கள். அவர்களோடு போகும் செய்தி எந்தக் கற்பனைக்கும் திரும்பக் கிடைக்காது. அவர்களுடைய முற்றத்தில் போய் இருந்து கேட்கும் வேலையை இந்த மாரிக்கு முன்னரே தொடங்கவேண்டும்.